பட்டியலைப் பார்த்ததும் மலைத்து நிற்பவர்களுக்கு

மனத்தில் சுற்றிக்கொண்டிருப்பதையெல்லாம் ஒரு தாளில் இறக்கிவைத்தால் தெளிவு பிறக்கும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். உட்கார்ந்து எழுதுகிறோம். 37 வரிகள் வருகின்றன. எழுதி முடித்ததும் உண்மையாகவே ஒரு நிம்மதி. பிறகு அந்தத் தாளை மேலிருந்து கீழாகப் படிக்கிறோம். நெஞ்சை ஏதோ அழுத்துகிறது. எதில் தொடங்குவது என்று இன்னொரு முறை படிக்கிறோம். தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கைப்பேசியை எடுக்கிறோம். மாலையில் 37 வரிகளும் அப்படியே இருக்கின்றன. போதாக்குறைக்கு ஒரு குற்றவுணர்வும் சேர்ந்துகொள்கிறது.

தமிழில் இதற்குப் பொருத்தமான சொல் ஒன்று உண்டு: மலைப்பு. மலைத்துப்போய் நிற்பவரைச் சோம்பேறி என்று நாம் சொல்வதில்லை. எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் நிற்கிறார் என்றுதான் சொல்வோம். ஏடிஎச்டி (ADHD) என்னும் கவனக் குறைபாடு உள்ள பெரியவர்கள் பலருக்குப் பட்டியலின் முன்னால் நாள்தோறும் நேர்வது இதுதான். எனக்கும் அப்படித்தான். முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் இதற்கு ஒரு பெயர் இருப்பதே எனக்குத் தெரிந்தது. அதுவரை என்னைப் பற்றி நான் என்னென்ன நினைத்திருந்தேன் என்பதை இப்போது எண்ணிப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. அந்த வருத்தம்தான் இதை எழுதவைக்கிறது.

ஏடிஎச்டியைத் தமிழில் ‘கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு’ என்று எழுதுகிறார்கள். பெயரைக் கேட்டதும் வகுப்பில் ஓரிடத்தில் உட்காராத ஒரு சிறுவன்தான் பலர் நினைவுக்கு வருகிறான். 1902இல் குழந்தை மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் லண்டனில் ஆற்றிய உரைகள் தொடங்கி, மிக நீண்ட காலம் இது குழந்தைகளின் பிரச்சினையாகவே பேசப்பட்டது. வளர்ந்தால் சரியாகிவிடும் என்று நம்பினார்கள். பலருக்குச் சரியாவதில்லை, ஓட்டமும் துள்ளலும் அடங்கி, தடுமாற்றம் உள்ளே போய்விடுகிறது. அமெரிக்க உளநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோயறிதல் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. சிறுவர்களுக்கு ஒரு பிரிவில் 6 அறிகுறிகள் தேவை என்றால், 17 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 5 போதும். ஆனால் அறிகுறிகளில் சிலவாவது 12 வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும். பெரியவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு, மூன்று பேருக்கு இது இருப்பதாக ஆய்வுகள் மதிப்பிடுகின்றன.

அந்தக் கையேடு கவனக்குறைவுக்குக் கொடுக்கும் 9 அறிகுறிகளில் மூன்றை மட்டும் பாருங்கள்: வேலைகளை ஒழுங்குபடுத்திக்கொள்ளச் சிரமப்படுவது, நீண்ட நேரம் மூளையைச் செலுத்த வேண்டிய வேலைகளைத் தவிர்ப்பது, அன்றாட வேலைகளை மறப்பது. வேலைப் பட்டியலோடு நமக்கு இருக்கும் சண்டை இந்தக் குறைபாட்டின் இலக்கணத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே, ‘ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளக்கூடாதா?’ என்று கேட்பவர்களிடம் கோபப்பட வேண்டாம். அவர்களுக்கு உதவும் கருவி நமக்கு ஏன் சுமையாகிறது என்று புரிந்துகொண்டால் போதும்.

ஒரு பார்வையில் எத்தனை வேலை

நீளமான பட்டியல் ஒன்றைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அது நம்மிடம் பல காரியங்களைக் கேட்கிறது. முதலில், எல்லாவற்றையும் மனத்தில் பிடித்துவைத்துக்கொண்டு ஒப்பிடச் சொல்கிறது. மனிதரால் ஒரே நேரத்தில் ஏறக்குறைய நான்கு விஷயங்களைத்தான் அப்படிப் பிடித்துவைக்க முடியும் என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001இல் விரிவாக எடுத்துக்காட்டினார். இது பொதுவான அளவு. ஏடிஎச்டி உள்ளவர்களுக்கு இந்தத் தற்காலிக நினைவு சராசரியாக இன்னும் கொஞ்சம் தளர்வாக இருக்கிறது. இதில் 37 வரிகளை வைத்து ஒப்பிடுவது எப்படி? பத்தாவது வரிக்கு வரும்போது இரண்டாவது நழுவியிருக்கும்.

அடுத்து, எடைபோடச் சொல்கிறது. ‘மின்விளக்கு மாற்று’ என்பதும் ஒரு வரி. ‘வேறு வேலை தேடு’ என்பதும் ஒரு வரி. தாளில் இரண்டுக்கும் ஒரே நீளம். ஒன்று ஐந்து நிமிட வேலை, மற்றொன்று ஐந்து மாத வேலை என்பதைப் பட்டியல் சொல்லாது; ஒவ்வொரு முறையும் நாமேதான் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும். எடைபோடுவது, வரிசைப்படுத்துவது, தொடங்குவது, இடையில் வந்து இழுப்பதை விலக்குவது ஆகியவற்றைச் சேர்த்துச் செயலாட்சித் திறன்கள் என்பார்கள். ஏடிஎச்டி தாக்கும் இடமே அதுதான். அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி பல ஆண்டுகளாக வலியுறுத்திவருவது என்னவென்றால், இங்கே சிக்கல் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் இருப்பது அன்று. தெரிந்ததைச் செய்ய வேண்டிய நேரத்தில், செய்ய வேண்டிய இடத்தில் செய்ய முடியாமல் போவதுதான். எனக்கு இந்த ஒரு வேறுபாடு புரிந்த நாளில் பாதிச் சுமை இறங்கியது.

நேரம் என்பது இன்னொரு சிக்கல். நம்மில் பலருக்குக் காலம் இரண்டே வகைதான்: ‘இப்போது’, ‘இப்போது இல்லை’. அடுத்த மாதம் முடிய வேண்டிய படிவம் இரண்டாவது வகையில் இருக்கும்வரை அதற்கு உருவமே கிடையாது. ஒருநாள் இரவில் அது திடீரென்று ‘இப்போது’ ஆகிவிடும். அந்தப் பதற்றத்தில் விடிய விடிய உட்கார்ந்து முடித்தும்விடுவோம். ‘நினைத்தால் செய்துவிடுகிறாயே, முதலிலேயே ஏன் நினைக்கவில்லை?’ என்ற கேள்வி அங்கிருந்துதான் பிறக்கிறது.

தொலைவில் இருக்கும் பலன் இந்த மூளையை எளிதில் நகர்த்துவதில்லை என்பதற்கு உடல்சார்ந்த தடயங்களும் உண்டு. 2009இல் மூளை ஆய்வாளர் நோரா வோல்கோவ் தலைமையிலான குழு, மருந்து எடுத்துக்கொள்ளாத ஏடிஎச்டி உள்ள பெரியவர்களின் மூளையைப் படம்பிடித்துப் பார்த்தது. பலனை எதிர்நோக்கி ஒரு வேலையில் இறங்கவைக்கும் பாதையில், டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் சார்ந்த சில குறியீடுகள் மற்றவர்களைவிட அவர்களிடம் சராசரியாகக் குறைவாக இருந்தன. மன உறுதி இல்லாதவர் என்று ஒருவரைச் சொல்லும் முன் இதை ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம்.

இவையெல்லாம் போக, பழைய பட்டியல் எதுவும் வெறும் எழுத்தாக இருப்பதில்லை. மூன்று வாரமாகத் தாளுக்குத் தாள் தாவிவரும் ஒரு வரியைப் படிக்கும்போது வேலை மட்டும் கண்ணில் படுவதில்லை. அதைச் செய்யாமல் விட்ட மூன்று வாரமும் சேர்ந்து கண்ணில் படுகிறது. கண் தானாக விலகிவிடுகிறது.

எழுதும் இடம் வேறு, பார்க்கும் இடம் வேறு

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. எழுதிவைப்பது, தேர்ந்தெடுப்பது, செய்வது என்று மூன்று வேலைகள் இருக்கின்றன. ஒற்றைப் பட்டியல் இந்த மூன்றையும் ஒரே தாளில் போட்டுப் பிசைந்துவிடுகிறது. நமக்கு மிகவும் கடினமானது நடுவில் இருக்கும் தேர்வு. அதை நாளுக்கு இருபது முறை செய்யவைக்கும் எந்த முறையும் நம்மைச் சோர்வடையச் செய்யும். ஒரு முறை மட்டும் செய்யவைக்கும் முறை ஓரளவு கைகொடுக்கும்.

ஆகவே மூன்றையும் பிரித்துவிடுங்கள். முதலாவது ஒரு கிடங்கு. ஒரு நோட்டுப் புத்தகமோ கைப்பேசியில் ஒரு குறிப்போ, எதுவாகவும் இருக்கலாம். தோன்றுவதையெல்லாம் அங்கே கொட்டுங்கள். ஒழுங்கு வேண்டாம், வண்ணம் வேண்டாம், வரிசை எண்ணும் வேண்டாம். அது எவ்வளவு நீண்டாலும் கவலை இல்லை, ஏனென்றால் வேலை செய்யும் நேரத்தில் அதை நீங்கள் பார்க்கப்போவதில்லை. இரண்டாவது நாட்காட்டி: குறிப்பிட்ட நாளும் நேரமும் உள்ளவை மட்டும் அங்கே போகட்டும். மூன்றாவது, நாள் முழுதும் கண்முன்னால் இருக்கும் ஒரு சிறு தாள். அதில் மூன்று வரிகளுக்கு மேல் இருக்கக் கூடாது.

‘மூன்றுதானா? எனக்கு இருபது இருக்கிறதே’ என்பது நியாயமான அச்சம். இருபதும் கிடங்கில் பத்திரமாக இருக்கின்றன. மூன்றையும் முடித்துவிட்டால் போய் இன்னொன்றை எடுத்துவரலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. இருபது வரிகளை வைத்துக்கொண்டு நான்கை முடித்த நாள் தோல்வியாகத் தெரிகிறது. மூன்றை வைத்துக்கொண்டு நான்கை முடித்த நாளில் அடுத்த நாளுக்கு எழுந்திருக்கத் தெம்பு இருக்கிறது. முடித்த வேலை இரண்டிலும் நான்குதான்.

எழுதிவைத்தாலும் மனம் ஓயாதே என்று கேட்கலாம். முடிக்காத வேலை உள்ளே சுற்றிக்கொண்டே இருப்பது உண்மைதான். 2011இல் மாசிகாம்போ, பௌமெய்ஸ்டர் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஆறுதல் தருவது: முடிக்காத இலக்கு ஒன்று மற்ற வேலைகளில் குறுக்கிடுவதைத் தணிக்க, அதை முடித்தே ஆக வேண்டியதில்லை. எப்போது, எப்படிச் செய்யப்போகிறோம் என்று திட்டமாக முடிவுசெய்தாலே குறுக்கீடு அடங்கியது. அந்த ஆய்வு ஏடிஎச்டி உள்ளவர்களைக் குறித்துச் செய்யப்பட்டதன்று. ஆனாலும் கிடங்கில் உள்ள ஒரு வரிக்குப் பக்கத்தில் ‘வியாழன் மாலை’ என்று எழுதியதும் அது என்னை விடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

அந்த மூன்றைத் தேர்ந்தெடுப்பது எப்படி? அவசரம், முக்கியம் என்று நான்கு கட்டங்கள் போட்டு எல்லா வேலைகளையும் அவற்றில் அடைக்கும் முறை புகழ்பெற்றது. தொடக்கத்தில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 37 வரிகளையும் எடைபோட்ட பிறகுதான் கட்டங்கள் நிரம்பும். எடைபோடுவதில்தானே நமக்குச் சிக்கல். அதோடு, பதற்றமான நாளில் எல்லாமே அவசரக் கட்டத்தில்தான் போய் விழும். அதற்குப் பதிலாகக் கிடங்கை ஒரே ஒரு முறை புரட்டி, மூன்று கேள்விகள் கேளுங்கள். இன்று செய்யாவிட்டால் நாளை கதவு மூடிவிடுவது எது? என் பதிலுக்காக யார் காத்திருக்கிறார்கள்? எது முள்ளாக உறுத்திக்கொண்டிருக்கிறது? ஒவ்வொரு கேள்விக்கும் முதலில் கண்ணில் படும் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். மிகச் சரியான வரியா என்று ஆராய வேண்டாம். இதைக் காலையில் செய்வதைவிட முந்தைய மாலையில் செய்வது எளிது. நாளை செய்யப்போகும் வேலையைப் பற்றி இன்று முடிவெடுக்கும்போது பயம் குறைவாக இருக்கிறது.

அந்த வரியைப் படித்ததும் கை எங்கே போகும்?

கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்கத்தான் பொறுமை இருக்கிறது என்றால் இந்தப் பகுதியைப் படியுங்கள்.

பட்டியலில் நாம் எழுதுபவற்றில் பெரும்பாலானவை வேலைகளே இல்லை, கவலைகளின் பெயர்கள். ‘காப்பீடு’ என்று ஒரு வரி. அதைப் படித்ததும் என்ன செய்வீர்கள்? முதலில் பழைய பத்திரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று தெரியாது. பிறகு இணையதளத்தில் நுழைய வேண்டும், கடவுச்சொல் மறந்துவிட்டது. புதுப்பிப்பதா, வேறு நிறுவனத்துக்கு மாறுவதா என்று முடிவெடுக்க வேண்டும். அதற்கு யாரிடமாவது கேட்க வேண்டும். ஒரு சொல்லுக்குள் ஏழெட்டு வேலைகளும் ஒரு முடிவும் ஒளிந்திருக்கின்றன. மூளை அதை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

ஒவ்வொரு வரிக்கும் நான் வைக்கும் சோதனை இதுதான்: அதைப் படித்ததும் என் கை எங்கே போகும் என்று எனக்குத் தெரிகிறதா? ‘காப்பீடு’ என்றால் கை எங்கும் போகாது. ‘மேசையின் இரண்டாவது இழுப்பறையில் காப்பீட்டுப் பத்திரம் இருக்கிறதா என்று பார்’ என்றால் கை இழுப்பறைக்குப் போகும். இழுப்பறையில் இல்லை என்றாலும் அந்த வரி முடிந்துவிட்டது, அடித்துவிடலாம். அடுத்த வரி: ‘பத்திரத்தின் நகல் கேட்டு மின்னஞ்சல் அனுப்பு.’

‘வீட்டைச் சுத்தம் செய்’ என்பது கவலை. ‘கட்டிலில் குவிந்திருக்கும் துணிகளைக் கூடையில் போடு’ என்பது வேலை. ‘உடல்நலத்தைக் கவனி’ கவலை; ‘பல் மருத்துவமனையின் எண்ணைத் தேடித் தாளில் எழுது’ வேலை. எண்ணைத் தேடுவதும் அழைப்பதும் தனித்தனி வரிகளா என்று சிலர் வியப்பார்கள். தொலைபேசியில் பேசவே தயங்குபவர்களுக்கு அவை இரண்டு வேறு உலகங்கள். எண் தாளில் தயாராக இருந்தால் அழைக்கத் துணிவு வரும் நேரத்தில் அது வீணாகாது.

எவ்வளவு சிறியதாக உடைப்பது? படித்ததும் நெஞ்சு இறுகாத அளவுக்கு. நல்ல நாளில் ‘அறிக்கையின் முதல் பகுதியை எழுது’ போதும். மோசமான நாளில் ‘கோப்பைத் திறந்து தலைப்பை மட்டும் தட்டச்சு செய்’ என்று எழுத வேண்டியிருக்கும். அப்படி எழுத வெட்கப்பட வேண்டாம். அந்தத் தாளை உங்களைத் தவிர யாரும் படிக்கப்போவதில்லை.

எல்லா வரிகளையும் உட்கார்ந்து உடைக்கத் தொடங்கிவிடாதீர்கள் என்ற எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். அதில் ஒரு இன்பம் இருக்கிறது. ஒரு முழு நாளையும் அது விழுங்கிவிடும். நாளைய தாளுக்கு வரும் மூன்றை மட்டும் உடையுங்கள், அதுவும் முதல் அடியை மட்டும். கிடங்கில் ‘காப்பீடு’ என்றே கிடக்கட்டும்.

தொடங்கும் நொடி

சரியான வரி கண்முன் இருந்தும் உடம்பு அசையாத நேரங்கள் உண்டு. அங்கே நேரத்தைவிட நிகழ்வு நன்றாக உதவுகிறது. ‘பத்து மணிக்கு மின்னஞ்சல் எழுதுவேன்’ என்றால் பத்து மணி சத்தமில்லாமல் கடந்துவிடும். ‘குளித்து உடை மாற்றியதும் மடிக்கணினியைத் திறந்து அந்த மின்னஞ்சலைத் தொடங்குவேன்’ என்பது நிற்கிறது, ஏனென்றால் குளியல் எப்படியும் நடக்கும். ‘இது நடந்தால் அதைச் செய்வேன்’ என்ற இந்த வடிவத்தை ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் நீண்டகாலம் ஆராய்ந்தார். 1999இல் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அது பரவலாக அறியப்பட்டது.

25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு என்ற முறையை 1980களின் இறுதியில் மாணவராக இருந்தபோது உருவாக்கியவர் பிரான்செஸ்கோ சிரில்லோ. பலருக்கு அது பொருந்துகிறது. ஆனால் 25 என்ற எண்ணில் மந்திரம் எதுவும் இல்லை. தொடங்கவே முடியாத நாளில் 5 நிமிடத்துக்கு மணி வையுங்கள். வேலையில் ஆழ்ந்துவிட்ட நாளில், மணி அடித்ததற்காக எழுந்தால் திரும்ப உள்ளே போக அரை மணி நேரம் ஆகலாம் என்றால், எழ வேண்டாம்.

எனக்கு எல்லாவற்றையும்விட அதிகம் உதவியது பக்கத்தில் இன்னொருவர் இருப்பது. அவர் உதவ வேண்டியதில்லை, கேள்வி கேட்க வேண்டியதில்லை. தன் வேலையைத் தான் செய்துகொண்டு இருந்தால் போதும். காணொளி அழைப்பில் இருந்தாலும் நடக்கிறது. இதைப் பற்றிய ஆய்வுகள் குறைவு, ஆனால் ஏடிஎச்டி உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் முதல் யோசனை பெரும்பாலும் இதுவாகவே இருக்கிறது. நம்பகமான ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். ‘நான் வரிப் படிவம் நிரப்பப்போகிறேன், அரை மணி நேரம் என்னோடு உட்கார்ந்திருக்க முடியுமா?’ இவ்வளவுதான் கேட்க வேண்டியது.

எவ்வளவு நேரம் ஆகும் என்ற கணக்கு எல்லோருக்குமே தவறுகிறது. உளவியலாளர்கள் டேனியல் கானெமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் இந்தத் தவறுக்கு 1979இலேயே ‘திட்டமிடல் பிழை’ என்று ஒரு பெயர் வைத்தார்கள். நமக்குக் கூடுதலாகத் தவறுகிறது. வரிக்குப் பக்கத்தில் உங்கள் மதிப்பீட்டையும், முடித்த பிறகு உண்மையில் ஆன நேரத்தையும் இரண்டு வாரம் எழுதிப் பாருங்கள். பத்து நிமிடம் என்று நினைத்த மின்னஞ்சலுக்கு நாற்பது நிமிடம் ஆவதும், ஒரு மாதமாகப் பயந்த பாத்திர அலமாரி பதினைந்து நிமிடத்தில் முடிவதும் தெரியவரும்.

தாளா, செயலியா என்ற கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்கிறேன்: உங்கள் கண் ஏற்கெனவே எங்கே போகிறதோ அங்கே. கண்ணில் படாதது நமக்கு இல்லாததுதான். புதிய செயலி இரண்டு வாரம் அற்புதமாக வேலை செய்துவிட்டுப் பிறகு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். புதுமை தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். வேறொன்றுக்கு மாறுங்கள். கிடங்கு மட்டும் ஒரே இடத்தில் இருந்தால் நாள் தாளை எத்தனை முறை மாற்றினாலும் எதுவும் தொலையாது.

இவையெல்லாம் மருத்துவத்துக்கு மாற்று இல்லை. மனச்சோர்வு, பதற்றம், தூக்கக் குறைவு, தைராய்டு கோளாறு ஆகியவையும் இதே போன்ற தடுமாற்றத்தைத் தரக்கூடும். பிரித்தறிய உளநல மருத்துவர் வேண்டும். மருந்துகள் பலருக்கு நன்றாக உதவுகின்றன. மருந்து எடுத்தும் தடுமாற்றம் மீதமிருந்த 86 பெரியவர்களைக் கொண்டு உளவியலாளர் ஸ்டீவன் சாஃப்ரன் குழு நடத்திய ஆய்வு 2010இல் வெளியானது. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் அறிதல் நடத்தைச் சிகிச்சை பெற்றவர்கள், தளர்வுப் பயிற்சி பெற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேறியிருந்தார்கள். அந்தச் சிகிச்சையில் முதலில் சொல்லித்தருபவற்றுள் ஒன்று, நாட்காட்டியையும் வேலைப் பட்டியலையும் வைத்துக்கொள்ளும் முறை. அதைச் சிகிச்சையாகவே, ஒருவர் துணையோடு, வாரக்கணக்கில் கற்றுத்தருகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். தனியாக ஒரே நாளில் வரவில்லை என்று நொந்துகொள்ள என்ன இருக்கிறது?

ஏற்கெனவே குவிந்துகிடப்பவை

கடைசியாக, இப்போது உங்கள் கையில் இருக்கும் பழைய பட்டியல்கள். அவற்றை முழுவதும் படித்து ஒழுங்குபடுத்திவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்று நினைக்காதீர்கள். அந்த வேலையிலேயே நின்றுபோவீர்கள். கடைசித் தேதி உள்ளவற்றையும், பணமோ உடல்நலமோ சம்பந்தப்பட்டவற்றையும் மட்டும் பொறுக்கி எடுத்துப் புதிய கிடங்கில் எழுதுங்கள். முடிந்தால் இதற்கும் யாரையாவது பக்கத்தில் உட்காரவையுங்கள். மீதித் தாள்களை ஓர் உறையில் போட்டு, மேலே இன்றைய தேதியை எழுதி, எடுத்து வைத்துவிடுங்கள். எதுவும் தொலையவில்லை, கண்முன்னால் இல்லை, அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்துப் பிரித்துப் பாருங்கள். சில வரிகள் தாமாகவே முடிந்திருக்கும், சில பொருளற்றுப்போயிருக்கும். நான் பிரித்தபோது, எட்டு மாதமாகப் பதில் எழுதாத ஒரு நண்பரின் பெயர் அதில் இருந்தது. ‘நீண்ட கடிதம் எழுது’ என்று குறித்திருந்தேன். அதை அடித்துவிட்டு, ‘நலமா என்று இரண்டு வரி எழுது’ என்று அடுத்த நாள் தாளில் எழுதினேன். கிதார் கற்க வேண்டும் என்று பல ஆண்டுகளாகத் தாளுக்குத் தாள் சுமந்துவந்த வரியையும் அன்றுதான் அடித்தேன். அதை நான் உண்மையில் விரும்பியிருக்கவில்லை.